தாத்தா ஊரில் நிலம் வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் பிறந்து வளர்ந்தவன் நான். தாத்தா மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நாகப்பட்டினம் வந்து, ரஜுலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். அவர் பிறந்த ஊரில் ஒரு துண்டு நிலமாவது வாங்கிவிட வேண்டும் என்று கிளம்பி மூன்று வருடம் அலைந்தேன். கொஞ்சம் பணமும் ஒரு உறவும் போனதுதான் மிச்சம், கடைசியில் வாங்கியது வேறொரு ஊரில் ஒரு வீட்டுமனை. அதிலிருந்து யாருக்கு இந்த ஆசை வந்தாலும் என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். தமிழ்நாட்டுக்கு மட்டும் பொருந்தும். நான் வக்கீல் இல்லை, சூடுபட்டவன், அவ்வளவுதான்.

என் பாஸ்போர்ட் இந்திய பாஸ்போர்ட் இல்லை. ஆனால் நான் தமிழன், தாத்தா இங்கிருந்து போனவர். சொத்து வாங்கலாமா?

சார்பதிவாளர் அலுவலகத்தில் நீங்கள் தமிழரா என்று யாரும் கேட்கப்போவதில்லை. கையில் என்ன அட்டை இருக்கிறது என்பதுதான் கேள்வி. இந்திய பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் என்.ஆர்.ஐ. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அல்லது அங்கேயே பிறந்தவர், இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை எடுத்திருந்தால், சொத்து விஷயத்தில் கிட்டத்தட்ட என்.ஆர்.ஐ. மாதிரிதான். அட்டை இல்லாத வெளிநாட்டுப் பிரஜை, பூர்வீகம் எதுவாக இருந்தாலும், வெறும் வெளிநாட்டவர். இந்தியாவில் குடியிருக்காமல், ரிசர்வ் வங்கி அனுமதியும் இல்லாமல் அவரால் வாங்க முடியாது. ஐந்து வருடத்துக்கு மிகாத குத்தகைக்கு எடுக்கலாம், அவ்வளவுதான்.

ஓ.சி.ஐ. அட்டை கொள்ளுப்பேரப் பிள்ளைகள் வரைக்கும் கிடைக்கும். முன்பு இதே மாதிரி பி.ஐ.ஓ. அட்டை என்று ஒன்று இருந்தது, 2015 ஜனவரியில் அதை ஓ.சி.ஐ.யோடு சேர்த்துவிட்டார்கள். பழைய பி.ஐ.ஓ. அட்டையை இன்னும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் முதலில் அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்களைப் போன்ற தோட்டத்துக் குடும்பங்களுக்குச் சிக்கலே உறவை நிரூபிப்பதுதான். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், தோட்டத்துப் பதிவேட்டில் ஒரு பெயர், ஊரில் கூப்பிட்ட பெயர் வேறு. கங்காணி சொன்னதைத் தோட்டத்துக் கணக்கர், அதாவது கிராணி, காதில் விழுந்தபடி எழுதிவைத்த பெயர்கள் அவை. இதைச் சரிசெய்யவே எனக்கு எட்டு மாதம் ஆனது. நிலம் தேடுவதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள்.

இலங்கைத் தமிழர்களுக்கும் இதே விதிதானா?

இல்லை. இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், சீனா, ஈரான், நேபாளம், பூட்டான் உள்ளிட்ட சில நாடுகளின் பிரஜைகளுக்குத் தனித் தடை உண்டு. இந்தியாவில் குடியிருந்தாலும் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் வாங்கக்கூடாது. ஆனால் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவருக்கு இந்தத் தடை பொருந்தாது.

சரி, ஓ.சி.ஐ. இருக்கிறது. தாத்தா உழுத அந்த வயலையே திரும்ப வாங்க முடியுமா?

முடியாது. நான் முதலில் விழுந்த பள்ளமே இதுதான்.

அந்நியச் செலாவணிச் சட்டம், அதாவது ஃபெமா, என்.ஆர்.ஐ.க்கும் ஓ.சி.ஐ.க்கும் வீடு, மனை, கடை எத்தனை வேண்டுமானாலும் வாங்க அனுமதிக்கிறது. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றும் கூடாது என்கிறது. யோசித்துப் பாருங்கள், தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைக் கிராமங்களிலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறியவர்கள் விட்டுப்போனது என்ன, அடுக்குமாடி வீடா? வயலும் தோப்பும்தான். நம் ஆசை எதன் மேலோ, அதைத்தான் சட்டம் தொடாதே என்கிறது.

கிராமத்தில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்த தரகர் வாயைத் திறக்க மாட்டார். பதிவு அலுவலகத்திலும் சில சமயம் கேள்வியே கேட்காமல் பதிந்துவிடுவார்கள். பதிவாகிவிட்டதே, அப்படியானால் சரிதானே என்று நினைத்துவிடாதீர்கள். பல வருடம் கழித்து விற்கும்போதோ பணத்தை வெளியே கொண்டுபோகும்போதோ வங்கி கேட்கும், எப்படி வாங்கினீர்கள் என்று. ஃபெமா மீறலுக்கு அபராதம் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம்.

பெரியப்பா தன் வயலைத் தான செட்டில்மென்டாக எழுதித் தருகிறேன் என்கிறாரா? அதுவும் ஆகாது. உறவினரிடமிருந்து வீடு, மனை தானமாக வாங்கலாம், விவசாய நிலம் வாங்கக்கூடாது. வாரிசாக வந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நஞ்சை, புஞ்சை என்று எழுதியிருக்கிறது, ஆனால் அங்கே யாரும் விவசாயம் செய்வதில்லை. அது விவசாய நிலமா?

வருவாய்த்துறைக் கணக்கு என்ன சொல்கிறதோ அதுதான். முள்செடி மண்டிக் கிடந்தாலும் புஞ்சை புஞ்சைதான். நகர் ஊரமைப்பு இயக்ககம், நாம் டி.டி.சி.பி. என்போமே, அதன் அனுமதி பெற்று மனைப்பிரிவாக மாறிய இடம் வேறு கதை. அங்கேயும் பட்டாவில் பழையபடி புஞ்சை என்றே நிற்பதுண்டு, அதை மாற்றித்தரச் சொல்லிவிட்டு வாங்குங்கள். இப்போது ‘நிர்வகிக்கப்படும் பண்ணை’ என்று கால் ஏக்கர், அரை ஏக்கராகப் பிரித்து, மாங்கன்று நட்டு, சின்னதாக ஒரு குடிலும் கட்டித்தருகிறோம் என்று விற்கிறார்கள். படம் போட்டுக் காட்டினால் மனசு இளகத்தான் செய்யும். அது விவசாய நிலமும் பண்ணை வீடும் சேர்ந்தது, இரண்டுமே உங்களுக்கு இல்லை.

அப்படியானால் ஊரில் இருக்கும் சித்தப்பா மகன் பெயரில் வாங்கிவிட்டால்?

எல்லாரும் கேட்பது, பலர் செய்வது, நானும் செய்யப்போனது. நாற்பது சென்ட் நஞ்சை. என் பணம், சித்தப்பா மகன் பெயர். அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. அவனுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததென்று இன்றும் நான் நம்பவில்லை.

ஒருவர் பணம் போட்டு இன்னொருவர் பெயரில் வாங்குவது பினாமி. 1988ஆம் வருடச் சட்டம், 2016 நவம்பரிலிருந்து பல் முளைத்த சட்டமாகிவிட்டது. சொத்தை அரசு பறிமுதல் செய்யலாம், ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை, சந்தை மதிப்பில் கால்பங்கு வரை அபராதம். மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் பெயரில் கணக்கில் வந்த பணத்தைக் கொண்டு வாங்குவதற்கு விலக்கு உண்டு. அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பெற்றோர் என்றால் பத்திரத்தில் உங்கள் பெயரும் கூட்டாக இருக்க வேண்டும். சித்தப்பா மகன் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

சட்டத்தை விடுங்கள். அவன் பெயரில் உள்ள நிலத்தை அவன் அடகு வைக்கலாம். அவன் கடனுக்கு ஜப்தி வரலாம். அவன் போய்விட்டால் அவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அது அவர்கள் சொத்து, அவர்கள் அப்படி நினைப்பதில் என்ன தவறு? ‘இது என் பணம்’ என்று நீங்கள் கோர்ட்டுக்குப் போனால், பினாமி என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும், வழக்கு நிற்காது. எங்கள் விஷயத்தில் நான் பின்வாங்கினேன், அட்வான்ஸ் திரும்பி வரவில்லை, பேச்சுவார்த்தையும் நின்றுபோனது. அவன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை.

தாத்தா பெயரில் இன்னும் பட்டா இருக்கிறதாம். அது எனக்குச் சேர வேண்டியதுதானே?

உங்களுக்கும் சேர வேண்டியதாக இருக்கலாம். அந்த ‘உம்’மில்தான் பாதி வழக்குகள் கிடக்கின்றன. தாத்தாவுக்கு எத்தனை பிள்ளைகள், அவர்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று எண்ணுங்கள். பெண் பிள்ளைகளை விட்டுவிட்டு எண்ணாதீர்கள், அங்கேதான் எல்லாரும் தவறுகிறார்கள். ‘அத்தைக்குத்தான் சீர் செஞ்சு அனுப்பியாச்சே’ என்பது சட்டத்தில் செல்லாது. தமிழ்நாட்டில் 1989லேயே அப்போது திருமணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆண்களுக்குச் சமமான பங்கு வந்துவிட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுக்க, திருமணமானவர்களுக்கும். அப்பா 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பதிவாகிவிட்ட பாகப்பிரிவினையை மட்டும் கலைக்க முடியாது. இது இந்துக்களுக்கு. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாரிசுச் சட்டம் வேறு.

பட்டாவைப் பற்றியும் ஒன்று. பட்டா என்பது வருவாய்த்துறை வரிக் கணக்குக்காக வைத்திருக்கும் பதிவு, அது மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகாது. 1979இல் ஆரம்பித்து எண்பதுகளில் முடிந்த யு.டி.ஆர். என்ற கணக்குப் புதுப்பிப்பில் பெயர்கள் தாறுமாறாக ஏறின. ஊரில் இல்லாதவன் நிலம் அங்கே நின்றுகொண்டிருந்தவன் பெயரில் ஏறியது, தம்பி பாகம் அண்ணன் பெயரில் ஏறியது. கப்பலேறியவர்கள் குடும்பம் இதில் நிறைய இழந்தது. ‘யு.டி.ஆர். தவறு’ என்று சொல்லி மனு கொடுத்து மாற்ற வழி உண்டு, ஆனால் அதற்கு முந்தைய பத்திரமோ பழைய கணக்கின் நகலோ காட்ட வேண்டும்.

வாரிசாக வந்த வயலை விற்கலாமா?

இந்தியாவில் குடியிருக்கும் இந்தியக் குடிமகனுக்கு மட்டும். உங்களைப் போன்ற இன்னொரு ஓ.சி.ஐ.க்கு விற்க முடியாது. அதில் பல வருடமாகக் குத்தகைக்கு உழுபவர் இருந்தால், சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் அவருக்குத் துணை நிற்கிறது. அவரோடு உட்கார்ந்து பேசாமல் ஒரு அடி நகர முடியாது. முப்பது வருடம் அந்த மண்ணில் நின்றவர் அவர். என்னைக் கேட்டால் பேசித்தான் ஆக வேண்டும்.

வீட்டுமனை வாங்குகிறேன் என்று வைத்துக்கொள்வோம். என்னென்ன பார்க்க வேண்டும்?

தாய்ப்பத்திரத்தில் ஆரம்பியுங்கள். இப்போது விற்பவருக்கு நிலம் எப்படி வந்தது, அவருக்கு விற்றவருக்கு எப்படி வந்தது என்று பின்னோக்கிக் குறைந்தது முப்பது வருடத்துக்குச் சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். நடுவில் ஒருவர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழ் கேளுங்கள், அதில் உள்ள எல்லாப் பெயரும் அடுத்த பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறதா பாருங்கள். மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி இருக்கிறதா பாருங்கள். என் மனைக்கு நான் பார்த்தபோது 1994 பத்திரத்தில் ஒரு மகள் கையெழுத்து இல்லை. அந்த அம்மாவைக் கோயம்புத்தூரில் தேடிப்பிடித்து, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வாங்கின பிறகுதான் மேலே போனேன். விற்பவருக்குக் கோபம், வெளிநாட்டுக்காரனுக்கு ரொம்பத்தான் பயம் என்று. இருக்கட்டும்.

அப்புறம் வில்லங்கச் சான்று, அதாவது அந்த நிலத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாவற்றின் பட்டியல். பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம், பெரும்பாலான ஊர்களுக்கு 1975 வரை கணினியில் வருகிறது. அதற்கும் முன்னால் வேண்டுமென்றால் அலுவலகத்தில் கையால் தேடித் தருவார்கள். சர்வே எண்ணைப் போட்டதும் வில்லங்கம் எதுவும் இல்லை என்று வந்தால் உடனே சந்தோஷப்படாதீர்கள். உட்பிரிவு ஆகும் முன்பு அந்த நிலத்துக்கு வேறு எண் இருந்திருக்கும், பழைய பத்திரமெல்லாம் அந்த எண்ணில்தான் கிடக்கும். பழைய எண், புதிய எண், உட்பிரிவு இல்லாத மூல எண் மூன்றையும் போட்டுத் தேடுங்கள். அந்தக் கிராமம் நடுவில் வேறு சார்பதிவகத்துக்கு மாறியிருந்தால் அங்கேயும்.

வில்லங்கச் சான்றில் தெரியாதவையும் உண்டு. பதிவு செய்யாத கிரய ஒப்பந்தம், வாய்மொழிப் பாகப்பிரிவினை, பதிவு செய்யாத உயில், வட்டிக்காரரிடம் அசல் பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கைக்கடன், நடந்துகொண்டிருக்கும் வழக்கு, எதுவும் வராது. அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். ‘பீரோவில் இருக்கிறது, பதிவு அன்று தருகிறேன்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு நேரில் அளப்பது. பட்டா, சிட்டா, அ பதிவேடு, புல வரைபடம் என்ற வருவாய்த்துறைக் காகிதங்களையெல்லாம் வாங்கிக்கொண்டு, சர்வேயரைக் கூட்டிப்போய் அளந்து கல் நடுங்கள், பக்கத்து நிலத்துக்காரர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு. பத்திரத்தில் உள்ள செக்குபந்தி, அதாவது நான்கு பக்க எல்லை, நேரில் ஒத்துப்போகிறதா பாருங்கள், வடக்கே வாய்க்கால் என்று எழுதியிருந்தால் அங்கே வாய்க்கால் இருக்க வேண்டும். பாதை இருக்கிறதா, அது யார் நிலத்தில் ஓடுகிறது என்று கேளுங்கள். முக்கியமாக, டீக்கடையில் உட்காருங்கள். ‘அந்த இடமா? அது கேஸ்ல இருக்கே’ என்று டீ ஆற்றுகிறவர் சொன்னதால் தப்பித்தவர் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர்.

கூட்டுப் பட்டா என்கிறார்கள். வாங்கலாமா?

பல பங்காளிகள் பெயர் சேர்ந்திருக்கும் பட்டா அது, தனிப்பட்டாவாகப் பிரித்துத் தரச் சொல்லி வாங்குங்கள். பிரிக்க முடியாது என்றால் ஏதோ ஒரு பங்காளி கையெழுத்துப் போட மறுக்கிறார் என்று அர்த்தம். காரைக்குடிப் பக்கத்துப் பழைய பெரிய வீடுகளைப் பார்த்து ஆசைப்படுபவர்களுக்கும் இதேதான். தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தரையும் கண்ணைப் பறிக்கும், ஆனால் ஒரே வீட்டுக்கு இருபது முப்பது பங்குதாரர்கள் நாலைந்து நாடுகளில் இருப்பார்கள். ஒருவர் பங்கை மட்டும் வாங்கினால் ஒரு அறைச் சாவியும் ஒரு வழக்கும் கிடைக்கும்.

வாங்கவே கூடாத நிலம் ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் பத்திரம், பட்டா எல்லாம் பக்காவாக இருக்கிற மாதிரியே தெரியும். பஞ்சமி நிலம் முதலாவது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஆங்கிலேய அரசு ஒதுக்கிய நிலம். பட்டியல் சாதியினர் அல்லாதார் வாங்கினால் கிரயம் செல்லாது. அந்த மக்களிடமிருந்து ஏமாற்றிப் பிடுங்கப்பட்டதுதான் அதில் பெரும்பகுதி, கை மாறிக் கை மாறி இன்று மனைப்பிரிவாக நிற்கும். தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்து அதை வாங்குவது அபத்தம் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது கோயில் நிலம். அறநிலையத்துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்றது செல்லாது, பல ஊர்களில் வீடு மட்டும் குடியிருப்பவருக்கு, மண் சாமிக்கு. வக்ஃபு நிலம், வினோபா பாவே இயக்கத்துக்குத் தானமாக வந்த பூதான நிலம், நில உச்சவரம்புச் சட்டத்தில் அரசு எடுத்துக்கொண்ட உபரி நிலம், ஏழைகளுக்கு நிபந்தனையோடு கொடுத்த ஒப்படை நிலம், ஏரி, வாய்க்கால் புறம்போக்கு எல்லாம் இந்த வரிசைதான். அ பதிவேட்டையும் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சென்ட், குழி, மா, ஏர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், தலை சுற்றுகிறதே?

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. நூறு சென்ட் ஒரு ஏக்கர். சென்னையில் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. பட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கு இருக்கும், ஒரு ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட். தஞ்சைப் பக்கம் பெரியவர்கள் மாக்கணக்கு சொல்வார்கள், நூறு குழி ஒரு மா, மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும், அதனால் பத்திரத்தில் சதுர அடியையும் எழுதச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு ஹோட்டலில் நடந்த சொத்துக் கண்காட்சியில் மனை புக் செய்யலாமா?

புக் செய்வதற்கு முன்னால் அந்தத் திட்டத்தின் ரெரா, அதாவது மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம், தந்த பதிவு எண்ணைத் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். 500 சதுர மீட்டரைத் தாண்டிய அல்லது எட்டு வீட்டைத் தாண்டிய திட்டம் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது. பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. ‘இன்றே கட்டினால் தங்கக் காசு’ என்று இருபது முப்பது சதவீதம் கேட்டால் அங்கேயே தெரிந்துவிடும்.

தனியார் விற்கும் பழைய மனையென்றால் தேதி ஒன்றைக் கேளுங்கள். அனுமதி பெறாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் சொன்னது. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்டவற்றை மட்டும் கட்டணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ள 2017இல் விதி வந்தது. வரன்முறை ஆகாத மனையில் வீடு கட்ட அனுமதி கிடைக்காது. ‘பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு’ என்பார்கள், மனைப்பிரிவுக்கு அது அனுமதியே அல்ல.

பாதிப் பணம் கையில் கொடுத்தால் விலை குறையுமாமே?

குறையும். யாருக்குக் குறைகிறது என்று பாருங்கள். ஒரு கோடி விலை, பத்திரத்தில் அறுபது லட்சம், மீதி நாற்பது ரொக்கம். விற்பவருக்கு வருமான வரி மிச்சம். உங்களுக்கு முத்திரைத்தாளில் கொஞ்சம் மிச்சம். பிறகு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை அறுபது லட்சம் என்றுதான் கணக்கு, அந்த நாற்பதும் லாபமாகக் கருதப்பட்டு அதற்கும் நீங்கள் வரி கட்டுவீர்கள். வெளிநாட்டுக்கு எடுத்துப்போகும்போதும் அந்த நாற்பது வங்கியின் கண்ணுக்கு உங்கள் முதலீடே இல்லை. கிரயம் ரத்தானால் கோர்ட்டில் கேட்கவும் முடியாது.

இன்னும் ஒன்று, அந்த நாற்பது லட்சத்தை எப்படிக் கொண்டுவந்தீர்கள்? உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலமாக, அனுப்பி எடுத்தேன் என்பீர்கள். நம் ஊர்களில் பாதிக் குடும்பம் உண்டியலில் பணம் அனுப்பித்தான் பழகியிருக்கிறது, தெரியும். நிலம் வாங்க அது ஆகாது. பணம் வங்கி வழியாக வர வேண்டும், அல்லது வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு இந்திய வங்கிகள் தரும் என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ., எஃப்.சி.என்.ஆர். கணக்கிலிருந்து போக வேண்டும். வெளிநாட்டு நோட்டாகக் கொடுப்பதும் செல்லாது. வங்கிச் சீட்டு ஒவ்வொன்றையும் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.

நான் வர முடியாது. மாமாவுக்குப் பவர், அதாவது எனக்காகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம், கொடுக்கலாமா?

வாங்குவதற்குக் கொடுக்கலாம், எந்தச் சொத்து, எந்த வேலை என்று குறிப்பிட்ட தனிப் பவராக. விற்கவும் அடமானம் வைக்கவும் சேர்த்த பொதுப் பவர் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள் கதையைக் கேட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது. வெளிநாட்டில் எழுதினால் இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்னிலையிலோ கையெழுத்திட்டு, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்திச் செல்லத்தக்கதாக்க வேண்டும். கொடுத்தவர் இறந்தால் பவரும் சாதாரணமாக முடிந்துவிடும்.

நீங்கள் வாங்கும் நிலத்தை விற்பவரே பவர் வைத்திருப்பவராக இருந்தால், பவர் கொடுத்தவரிடம் நேரில், வீடியோவிலாவது, பேசுங்கள். உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்று கேளுங்கள். வெறும் பவர் பத்திரத்தை மட்டும் கையில் கொடுத்து ‘இதுவே போதும்’ என்பவரை நம்பாதீர்கள், அது உரிமை மாற்றமே அல்ல என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

விலைக்கு மேல் எவ்வளவு செலவாகும்?

முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, உண்மை விலை இரண்டில் எது அதிகமோ அதற்கு. ஐம்பது லட்சத்து மனைக்கு நாலரை லட்சம் ஆகிவிட்டது. தரகர், வக்கீல் தனி. ஐம்பது லட்சமும் அதற்கு மேலும் என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு சதவீதம் வரி பிடித்து நீங்கள்தான் அரசுக்குக் கட்ட வேண்டும், அதற்கு வருமான வரித்துறை தரும் பான் எண் தேவை. விற்பவரும் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த ஒரு சதவீதக் கணக்கு பொருந்தாது, பிடிக்க வேண்டியது பல மடங்கு அதிகம். பிடிக்காமல் விட்டால் உங்கள் தலையில் விழும். சிங்கப்பூரில் இருக்கும் பங்காளியிடம் வாங்குபவர்கள் மாட்டுவது இங்கேதான்.

மனைவி வெளிநாட்டுக்காரி. அவர் பெயரையும் சேர்க்கலாமா?

நீங்கள் என்.ஆர்.ஐ. அல்லது ஓ.சி.ஐ. என்றால், உங்களோடு கூட்டாக ஒரே ஒரு சொத்தில் சேர்க்கலாம். திருமணம் பதிவாகி இரண்டு வருடம் தொடர்ந்திருக்க வேண்டும். அதிலும் விவசாய நிலம் இல்லை.

வாங்கிவிட்டேன், ஊர் திரும்பிவிட்டேன். இனி என்ன?

பட்டா மாற்றினீர்களா? பத்திரம் கையில் வந்ததும் வேலை முடிந்தது என்று விமானம் ஏறுபவர்கள்தான் அதிகம். பட்டா பழைய ஆள் பெயரிலேயே கிடந்தால் அவர் இன்னொருவருக்கு விற்க முயல்வதற்கு அதுவே தூண்டில். கம்பி வேலி போட்டு, பெயர்ப் பலகை வைத்து, வருடம் ஒருமுறை தேதியோடு படம் எடுத்து வையுங்கள். வரியை உங்கள் பெயரில் கட்டுங்கள். பன்னிரண்டு வருடம் ஒருவர் உங்கள் இடத்தில் தடையில்லாமல், உரிமை கொண்டாடி, வெளிப்படையாக இருந்துவிட்டால் அது தன் இடம் என்று கோர்ட்டில் வாதாட முடியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்கள் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை, உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யலாம்.

வாடகைக்கு விட்டால், வெளிநாட்டில் வசிக்கும் உரிமையாளருக்குக் கொடுக்கும் வாடகையில் 30 சதவீதமும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் தொகையும் வரியாகப் பிடிக்க வேண்டியது குடியிருப்பவர் பொறுப்பு. இதைக் கேட்டதும் ஓடுகிற வாடகைதாரர் உண்டு, முன்னாலேயே பேசிவிடுங்கள்.

விற்றால் பணத்தை வெளியே கொண்டுபோக முடியுமா?

முடியும். வெளிநாட்டுப் பணத்தில் வாங்கியதாக இருந்தால் போட்ட தொகை வரை எடுத்துப்போகலாம், வீடு என்றால் இரண்டு சொத்துகளுக்கு மட்டும் இந்தச் சலுகை. மற்றதெல்லாம் என்.ஆர்.ஓ. கணக்குக்குப் போய், வரி கட்டி, ஆடிட்டர் சான்றோடு, ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரை. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த சொத்துக்கு லாப வரி 12.5 சதவீதம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியவர்களுக்குப் பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் கட்டும் மாற்று வழி உண்டு என்று ஊரில் சொல்வார்கள், அது இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். வாங்குபவர் உங்களுக்குத் தரும் பணத்தில் பெரிய தொகையைப் பிடித்துக்கொண்டுதான் தருவார், உண்மையான லாபம் குறைவென்றால் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை வருமான வரித்துறையிடம் விற்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

முதலீடாக இது தேறுமா?

என்னைக் கேட்டால் இல்லை. கணக்குப் பார்க்கிறவர்கள் உங்கள் நாட்டிலேயே ஏதாவது வாங்குங்கள்.

ஊருக்குப் போய் முடிக்க எத்தனை நாள் லீவு போட வேண்டும்?

இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று தரகர் சொல்வார். நான் போனது ஐந்து முறை. முதல் தடவை நிலத்தைப் பார்க்க, இரண்டாவது தடவை காகிதங்களைப் பார்க்க, பிறகு அளக்க, பிறகு பதிய, கடைசியாகப் பட்டாவுக்கு. நடுவில் உங்கள் செலவில் உங்களுக்கென்று ஒரு வக்கீல், விற்பவரோ தரகரோ கைகாட்டாதவர். ஆடி மாதத்தில் போகாதீர்கள், யாரும் பத்திரம் பேச உட்கார மாட்டார்கள்.